ஓட்டமும் கண்ணியமும்

பள்ளிக்கூடங்களில் ஆண்டுதோறும் நடைபெறும் விளையாட்டு விழாவுக்குச் சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். பிள்ளைகளின் ஓட்டங்கள் முடிந்து, சாக்கு ஓட்டமும் எலுமிச்சம்பழக் கரண்டி ஓட்டமும் முடிந்து, பரிசளிப்புக்குச் சற்று முன்னதாக, "அடுத்து பெற்றோருக்கான ஓட்டம்" என்று ஒலிபெருக்கி அறிவிக்கும். அதுவரை கலகலத்துக் கொண்டிருந்த பந்தல் அந்த அறிவிப்பைக் கேட்டதும் அடங்கிவிடும். தந்தையர் ஒருவரையொருவர் முன்னே தள்ளிவிட்டுத் தாம் பின்னே நகர்வார்கள். தாய்மார்கள் துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார்கள். ஒலிபெருக்கி இரண்டு முறை, மூன்று முறை அழைக்கும். இறுதியில் நான்கைந்து இளந்தந்தையர் சிரித்துக்கொண்டே வந்து நிற்பார்கள். "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்னும் பழமொழியை எவராவது சொல்ல, எல்லோரும் சிரித்து அதோடு மறந்துவிடுவார்கள்.

இது சிரித்து மறக்கத்தக்க சிறு செய்திதானா? அன்று பந்தலோரம் நின்று தன் தாயை நோக்கும் ஒன்பது வயதுச் சிறுமி, ஓட்டம் என்பது பிள்ளைப் பருவத்தோடு முடிந்துவிடும் ஒன்று என்னும் பாடத்தைக் கற்றுக்கொள்கிறாள். இன்னும் மூன்று நான்கு ஆண்டுகளில் அவளும் ஓடுவதை நிறுத்திவிடுவாள். ஆகவே, பெற்றோரின் இத்தயக்கம் எங்கிருந்து வந்தது, அதற்கு மார்க்கம் காரணமா, வழக்கம் காரணமா என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வது பயனுடையதாகும்.

பெரியோர் ஓடலாகாது என்னும் எண்ணம்

வயது வந்தவன், அதிலும் மதிப்புடையவன், ஓடலாகாது என்னும் எண்ணம் மிகப் பழமையானது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தமது நிக்கோமாக்கிய அறவியல் என்னும் நூலின் நான்காம் பகுதியில், பெருந்தன்மையுடைய மனிதனின் இலக்கணங்களைக் கூறும்போது, அவனுடைய நடை நிதானமானது, குரல் ஆழமானது என்று குறிப்பிடுகின்றார். ஒலிம்பியாவில் ஓட்டப் பந்தயத்தை ஒரு வழிபாடாகவே வளர்த்த நாட்டின் சிந்தனையாளர் இவர் என்பது நோக்கத்தக்கது. உரோமானியரின் நகைச்சுவை நாடகங்களில் மேடையில் மூச்சிரைக்க ஓடிவரும் பாத்திரம் பெரும்பாலும் அடிமையாகவே இருப்பான். ஓடுபவன் ஏவலன், நடப்பவன் எசமானன் என்பது அன்றைய உலகின் கணக்கு.

ஒலிம்பியாவிலேயே ஹீரா என்னும் பெண் தெய்வத்தின் பெயரால் கன்னிப் பெண்களுக்கென்று ஓட்டப் பந்தயம் நடந்ததாகப் பௌசானியாஸ் என்னும் பயண நூலாசிரியர் எழுதியுள்ளார். அவர்களுக்காக ஓடுதளத்தின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு குறைக்கப்பட்டதாம். ஆயினும் அப்பந்தயம் மணமாகாத பெண்களுக்கு மட்டுமே உரியது. தாயான பின் ஓட்டமில்லை. நம் பள்ளிப் பந்தலில் காணும் தயக்கத்துக்கு இரண்டாயிரம் ஆண்டு மூதாதை இருப்பதை இதனால் அறிகிறோம்.

நமது மரபிலும் நிதானமான நடைக்குச் சிறப்புண்டு. லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசத்தில் நடையில் நடுநிலை பேணுமாறு கூறியதைத் திருமறை எடுத்துரைக்கின்றது. தொழுகைக்கு இகாமத் சொல்லப்பட்டாலும் ஓடி வராதீர்கள், அமைதியுடன் நடந்து வாருங்கள் என்பது நபிமொழி. இவற்றைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த நம் பெரியோர்களுக்கு ஓட்டம் என்பது அவசரத்தின் அடையாளமாகவும், அவசரம் கண்ணியக் குறைவாகவும் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் மரபின் ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டு நூலை மூடிவிடலாகாது.

பெருமானார் காலத்து ஓட்டங்கள்

அண்ணல் நபி (ஸல்) அவர்களுடைய நடையைப் பற்றி அருமைத் தோழர்கள் வர்ணித்துள்ளார்கள். மேட்டிலிருந்து சரிவில் இறங்குபவரைப் போல் அவர்கள் நடப்பார்கள் என்பது அலீ (ரலி) அவர்களின் வர்ணனை. அவர்களைவிட வேகமாக நடப்பவரைத் தாம் கண்டதில்லை என்றும், உடன் நடக்கத் தாங்கள் சிரமப்பட வேண்டியிருந்தது, அவர்களோ சிரமமின்றி நடந்தார்கள் என்றும் அபூஹுரைரா (ரலி) அவர்கள் கூறுகின்றார்கள். இவ்விரு செய்திகளும் திர்மிதீயில் உள்ளன. தளர்ந்த நடை கண்ணியத்தின் அடையாளம் என்று பெருமானார் கருதவில்லை என்பது இதனால் விளங்கும்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு பெருமானார் ஓட்டப் பந்தயம் வைத்த செய்தி அபூதாவூத், இப்னுமாஜா முதலிய நூல்களில் காணப்படுகின்றது. ஒரு பயணத்தில், உடன்வந்த மக்களை முன்னே செல்லுமாறு அனுப்பிவிட்டு, அன்னையாரைப் பந்தயத்துக்கு அழைத்தார்கள். அன்னையார் அப்போது மெலிந்த உடலினர், வென்றுவிட்டார்கள். ஆண்டுகள் சென்றன. அன்னையாரின் உடல் பருத்தது; பழைய பந்தயத்தையே மறந்துவிட்டார்கள். மற்றொரு பயணத்தில் அதேபோல் மக்களை முன்னே அனுப்பிவிட்டு மீண்டும் அழைத்தார்கள். இம்முறை பெருமானார் முந்தினார்கள். சிரித்துக்கொண்டே, முன்னைய தோல்விக்கு இது ஈடு என்னும் கருத்துப்படக் கூறினார்கள்.

இந்நிகழ்ச்சியை நம் சொற்பொழிவாளர்கள் இல்லறத்தின் இனிமைக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவதுண்டு. அதில் மேலும் மூன்று செய்திகள் பொதிந்துள்ளன. முதலாவது, ஒரு சமுதாயத்தின் தலைவர், படையை நடத்திச் செல்பவர், பயணத்தின் நடுவே ஓடினார். அதனால் அவர் கண்ணியம் குறையவில்லை. இரண்டாவது, உடல் பருத்த பின்னும் அன்னையார் ஓடினார்கள், தோற்றார்கள், அந்தத் தோல்வியைத் தாமே பிறருக்கு எடுத்துரைத்தார்கள். மூன்றாவது, மக்கள் முன்னே அனுப்பப்பட்டார்கள். பெண்ணின் ஓட்டத்துக்குத் தடை விதிக்கப்படவில்லை. அந்நியர் பார்வை விலக்கப்பட்டது. இந்த மூன்றாவது செய்தியைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

தூகரத் என்னுமிடத்திலிருந்து மதீனாவுக்குத் திரும்பும் வழியில் நடந்த ஓட்டம் ஸஹீஹ் முஸ்லிமில் விரிவாகப் பதிவாகியுள்ளது. ஓட்டத்தில் எவரிடமும் தோற்றறியாத அன்ஸாரி ஒருவர், மதீனா வரை என்னோடு ஓட யார் உண்டு என்று திரும்பத் திரும்ப அறைகூவல் விடுத்தார். ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்கள் பெருமானாரிடம் அனுமதி பெற்று ஒட்டகத்திலிருந்து குதித்து ஓடினார்கள். தொடக்கத்தில் ஓரிரு மேடுகள் வரை மூச்சைச் சேமித்துக்கொண்டு பின்தங்கியே ஓடி, பிறகு விரைந்து அவரை எட்டிப்பிடித்து, தோள்களுக்கு நடுவே தட்டி, நீ தோற்றாய் என்று கூறி, மதீனாவை முதலில் அடைந்தார்கள். இன்றைய நெடுந்தூர ஓட்டப் பயிற்றுநர் கற்பிக்கும் பாடத்தையே இது ஒத்திருக்கின்றது.

குதிரைப் பந்தயம் பற்றிய செய்தியோ நம் விளையாட்டு ஆசிரியர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய ஒன்று. பயிற்சி அளிக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா என்னுமிடத்திலிருந்து தனிய்யத்துல் வதா வரை, அதாவது ஐந்து அல்லது ஆறு மைல் தூரம் வகுக்கப்பட்டது. பயிற்சி இல்லாத குதிரைகளுக்கு தனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரு மைல் மட்டுமே. புகாரியில் உள்ள செய்தி இது. பயின்றதற்கும் பயிலாததற்கும் ஒரே தூரம் வைக்காத இந்த நுட்பம், நாற்பது வயதுத் தந்தையைத் திடீரென்று 100 மீட்டர் ஓட அழைக்கும் விழாக் குழுவினருக்கு ஏன் தோன்றுவதில்லை?

தோல்வியைப் பற்றியும் ஒரு பாடம் உண்டு. எவற்றாலும் முந்த முடியாத அள்பா என்னும் பெருமானாரின் ஒட்டகத்தை ஒரு நாட்டுப்புற அரபியின் இளம் ஒட்டகம் முந்திவிட்டது. தோழர்கள் மனம் வருந்தினார்கள். பெருமானாரோ, உலகில் உயர்ந்த எதனையும் ஒரு நாள் தாழச் செய்வது இறைவனின் நியதி என்று ஆறுதல் கூறினார்கள். ஓட்டத்தில் கடைசியாக வருவோமோ என்று அஞ்சும் பெற்றோருக்கு இதைவிடச் சிறந்த ஆறுதல் வேறில்லை.

பிள்ளைகளின் பந்தயமும் உண்டு. தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களின் மக்களான அப்துல்லாஹ், உபைதுல்லாஹ், கஸீர் ஆகிய சிறுவர்களை வரிசையாக நிறுத்தி, என்னிடம் முந்தி வருபவருக்கு இன்ன பரிசு என்று பெருமானார் கூற, அவர்கள் ஓடிவந்து பெருமானாரின் மார்பிலும் முதுகிலும் விழ, அவர்களை அணைத்து முத்தமிட்டார்கள் என்னும் செய்தி முஸ்னத் அஹ்மதில் இடம்பெற்றுள்ளது. இதன் அறிவிப்புத் தொடரில் அறிஞர்களுக்குப் பேச்சு உண்டு. எனினும், எல்லைக்கோட்டில் நின்று பிள்ளைகளை வாரி அணைக்கும் ஒரு பெரியவரின் சித்திரம் அங்கே கிடைக்கின்றது.

தவாஃபும் ஸயீயும்

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 629இல், முஸ்லிம்கள் உம்ரா செய்ய மக்கா வந்தபோது, யத்ரிபின் காய்ச்சல் இவர்களை வாட்டி மெலியச் செய்துவிட்டது என்று குறைஷியர் பேசிக்கொண்டனர். கஅபாவைச் சுற்றும் முதல் மூன்று சுற்றுகளில் தோள்களை அசைத்து விரைந்து செல்லுமாறு பெருமானார் கட்டளையிட்டார்கள். ரமல் எனப்படும் விரைநடை இவ்வாறே தோன்றியது. அப்போது பெருமானார் 60 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். பிற்காலத்தில் உமர் (ரலி) அவர்கள், காட்டிக்கொள்ள வேண்டிய எதிரிகள் இப்போது இல்லையே என்று எண்ணிப் பார்த்துவிட்டு, பெருமானார் செய்ததை விட்டுவிட விரும்பவில்லை என்று கூறியதையும் புகாரியில் காண்கிறோம். உடல் வலிமையைப் பிறர் காண வெளிப்படுத்துவதும் ஒரு வேளையில் வணக்கமாக அமையும் என்பதற்கு இது சான்று.

ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே நடைபெறும் ஸயீயோ ஒரு தாயின் ஓட்டத்தின் நினைவு. தாகத்தால் துடித்த பாலகன் இஸ்மாயீலுக்காக நீர் தேடி அன்னை ஹாஜரா ஏழு முறை அங்குமிங்கும் சென்றார்; பள்ளத்தை அடைந்தபோது, களைத்த மனிதர் ஓடுவதுபோல் ஓடினார் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கின்றார்கள். இரு குன்றுகளுக்கும் இடையே ஏறத்தாழ 400 மீட்டர். ஏழு முறைக்கு 3 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பச்சை விளக்குகளால் குறிக்கப்பட்ட பகுதியில் இன்று ஆண்கள் விரைந்து ஓடுகின்றனர். பெண்கள் அங்கே ஓட வேண்டியதில்லை, நடந்தால் போதும் என்பது சட்ட அறிஞர்களின் தீர்ப்பு. பலதரப்பட்ட ஆண்கள் நெருங்கி நிற்கும் கூட்டத்தில் பெண்களுக்கு அளிக்கப்பட்ட சலுகை அது. ஆயினும் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான ஆடவர், தந்தையரும் பாட்டன்மாரும், ஒரு தாயின் ஓட்டத்தைத் தம் கால்களால் நினைவுகூர்கின்றனர் என்பதை எண்ணும்போது உள்ளம் உருகுகின்றது.

சட்ட நூல்கள் கூறுவது

ஒட்டகம், குதிரை, அம்பு ஆகியவற்றில் அன்றிப் பந்தயப் பொருள் இல்லை என்னும் நபிமொழியை அடிப்படையாகக் கொண்டு இமாம்கள் விரிவாக ஆராய்ந்துள்ளார்கள். காலால் ஓடும் பந்தயம், பணயம் ஏதுமின்றி நடைபெற்றால் ஆகுமானது என்பதில் நான்கு மத்ஹபுகளிலும் கருத்து வேறுபாடில்லை. பணயம் வைப்பதில்தான் வேறுபாடு. ஹனஃபீ மத்ஹபு கால் ஓட்டத்திலும் அதனை அனுமதிக்கின்றது. ஷாஃபியீ மத்ஹபின் வலுவான கருத்து அதனை அனுமதிப்பதில்லை. ஆக, ஓட்டத்தைப் பற்றி எழுந்த சட்டப் பேச்சு பணத்தைப் பற்றியதாகவே இருந்தது. ஓடுபவரின் வயதைப் பற்றியதாக இருக்கவில்லை.

கண்ணியத்தைப் பற்றியும் அவர்கள் பேசியுள்ளார்கள். முரூஅத் எனப்படும் நன்னடத்தைப் பண்பைச் சாட்சியாளருக்கு ஒரு நிபந்தனையாக வைத்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், தமது மின்ஹாஜ் நூலில், கடைத்தெருவில் உண்பது, தலை திறந்து நடப்பது போன்ற சிலவற்றை அப்பண்புக்குக் குறை விளைவிப்பனவாக எடுத்துக்காட்டுகின்றார்கள். உடனேயே, இவை ஆளுக்கும் நிலைக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறுபடும் என்றும் கூறிவிடுகின்றார்கள். நம் கடற்கரைப் பட்டினங்களின் மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வரும் நூல் இது. கண்ணியத்தின் அளவுகோல் வழக்கத்தைப் பொறுத்தது என்று அந்நூலே கூறும்போது, வழக்கத்தை மார்க்கமாக்கி நாம் பந்தலோரம் ஒதுங்குவது எவ்வாறு பொருந்தும்?

பள்ளி விளையாட்டு விழாவின் வரலாறு

இன்று நாம் காணும் விளையாட்டு விழா ஆங்கிலேயரின் பள்ளிகளில் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஷ்ரூஸ்பரி பள்ளி மாணவர்கள் வயல்வெளிகளினூடே நெடுந்தூரம் ஓடி வந்தனர். 1850இல் ஆக்ஸ்ஃபோர்டின் எக்ஸெட்டர் கல்லூரி மாணவர்கள் கால் ஓட்டப் பந்தயங்களை ஒழுங்குபடுத்தினர். 1864இல் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் முதன்முறையாகத் தடகளத்தில் மோதின. 1866இல் தோன்றிய அமெச்சூர் தடகளச் சங்கம் கைவினைஞரையும் கூலித் தொழிலாளரையும் தன் போட்டிகளிலிருந்து விலக்கி வைத்தது. 1880இல் உருவான புதிய சங்கமே அத்தடையைக் கைவிட்டது. ஓட்டம் அங்கே செல்வர் பிள்ளைகளின் சொத்தாக இருந்த காலமும் உண்டு என்பதை இது காட்டுகின்றது.

இம்முறை ஆட்சியோடு சேர்ந்து இங்கும் வந்தது. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியில் பயின்றவர்கள் தென்னாட்டுப் பள்ளிகளெங்கும் விளையாட்டு ஆசிரியர்களாகப் பரவினர். இலங்கையில், 1892இல் தோன்றிய கொழும்பு ஸாஹிராக் கல்லூரி போன்ற முஸ்லிம் கல்விக்கூடங்களிலும் இல்ல விளையாட்டுப் போட்டிகள் பள்ளி ஆண்டின் பெருவிழாவாயின. ஆனால் பெற்றோர் அங்கே விருந்தினர்; நாற்காலியில் அமர்ந்து கைதட்ட அழைக்கப்பட்டவர்கள். களம் பிள்ளைகளுக்கு, பந்தல் பெரியவர்களுக்கு என்னும் பிரிவு, விழாவின் அமைப்பிலேயே இருந்தது. தயக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

மேல்நாட்டில் மட்டும் பெண்கள் தடையின்றி ஓடினார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் முதன்முறையாக வைக்கப்பட்டது. ஓடி முடித்த பெண்கள் களைத்துச் சாய்ந்ததைப் பத்திரிகைகள் பெரிதுபடுத்தின. பெண்ணுடல் இத்தூரத்தைத் தாங்காது என்று கூறி அந்த ஓட்டத்தை நீக்கிவிட்டார்கள். 1960 உரோம் ஒலிம்பிக் வரை, 32 ஆண்டுகள், அது திரும்பவில்லை. 1980களின் இறுதியில் இங்கிலாந்து இளவரசி டயானா தம் மகன் பயின்ற பள்ளியின் விளையாட்டு விழாவில், தாய்மார் ஓட்டத்தில், வெறுங்காலுடன் ஓடிய படம் உலகெங்கும் வெளிவந்தது. ஒரு தாய் ஓடியது அங்கும் செய்தியாகத்தான் இருந்தது.

முஸ்லிம் பெண்களின் ஓட்டமும் இதே காலத்தில் உலகறியத் தொடங்கியது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் மொராக்கோவின் நவால் முத்தவக்கில் தங்கம் வென்றார். அதே ஓட்டத்தில்தான் நம் பி.டி. உஷா நூறில் ஒரு வினாடியில் வெண்கலத்தை இழந்தார். 1993இல் தெஹ்ரானில் முஸ்லிம் நாடுகளின் பெண்களுக்கான விளையாட்டுகள், ஆடவர் பார்வையாளர் இன்றி நடத்தப்பட்டன. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் பஹ்ரைனின் ருகையா அல் கஸ்ரா தலை மறைத்த ஆடையுடன் ஓடி 200 மீட்டரில் தங்கம் வென்றார். மூன்று பெண்கள் மூன்று வழிகளைக் கண்டார்கள் எனலாம். எந்த வழி சரி என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். வழியே இல்லை என்று எவரும் இனிக் கூற இயலாது.

செய்யத்தக்கது

இப்போது விளைவைப் பார்ப்போம். 2016ஆம் ஆண்டு வரையிலான தரவுகளைக் கொண்டு உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் 11 முதல் 17 வயது வரையுள்ள பெண் பிள்ளைகளில் 85 விழுக்காட்டினருக்கும் ஆண் பிள்ளைகளில் 78 விழுக்காட்டினருக்கும் போதிய உடலுழைப்பு இல்லை. 2022ஆம் ஆண்டு நிலையைக் கணித்து 2024இல் வெளியான ஆய்வு, இந்தியாவின் வயது வந்த பெண்களில் 57 விழுக்காட்டினரும் ஆண்களில் 42 விழுக்காட்டினரும் அவ்வாறே உள்ளனர் என்கின்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வோ, நாட்டில் நீரிழிவு நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று மதிப்பிட்டது. பந்தலோரம் நிற்கும் தயக்கத்தின் விலை மருந்துக்கடையில் செலுத்தப்படுகின்றது.

ஆனால் தயங்குவோரைப் பழிப்பது நம் நோக்கமன்று. அவர்கள் தயக்கத்தில் நியாயமும் உண்டு. பல ஆண்டுகள் ஓடாத கால்கள் திடீரென்று முழு வேகத்தில் ஓடினால் தொடைத் தசை கிழியும். குதிகால் நரம்பு அறும். அந்நிய ஆடவரும் கைப்பேசிக் கேமராக்களும் சூழ்ந்த திறந்த மைதானத்தில் ஓட ஒரு தாய் கூசுவது அவளுடைய உரிமை. இவ்விரண்டுக்கும் மருந்து நம் மரபிலேயே இருக்கின்றது.

பயிலாத குதிரைக்குக் குறைந்த தூரம் என்னும் முறையைப் பின்பற்றி, பெற்றோருக்கு 30 மீட்டர் விரைநடையோ பிள்ளையின் கைபிடித்து ஓடும் ஓட்டமோ வைக்கலாம். வெயிலேறு முன் காலையிலேயே அதனை நடத்தலாம். மக்களை முன்னே அனுப்பிய நபிவழியைப் பின்பற்றி, தாய்மார் ஓட்டத்தைப் பள்ளியின் உள்முற்றத்தில், ஆசிரியைகளும் மாணவிகளும் மட்டும் இருக்க, படமெடுப்போர் இன்றி நடத்தலாம். இது நமக்குப் புதிதன்று. காயல்பட்டினத்து வீதிகளுக்குப் பின்னே, அந்நியர் கண்ணில் படாமல் வீட்டுக்கு வீடு சென்றுவரப் பெண்களுக்கென்றே முடுக்குகளை அமைத்தவர்கள் நம் முன்னோர்கள். பெண்களை வீட்டுக்குள் நிறுத்திவிடாமல், அவர்கள் நடமாட ஒரு வழியைக் கட்டிக் கொடுத்தார்கள். அந்த மதிநுட்பம் ஒரு விளையாட்டு விழாவை ஒழுங்கு செய்ய நமக்குப் போதாதா?

ஓட இயலாதவர் எல்லைக்கோட்டில் நிற்கட்டும். அப்பாஸின் மக்களை வாரி அணைத்த கரங்களை நினைத்து, முந்தி வரும் பிள்ளையையும் பிந்தி வரும் பிள்ளையையும் ஒருசேர அணைத்துக்கொள்ளட்டும். ஓட இயன்றவர், அடுத்த ஆண்டு ஒலிபெருக்கி அழைக்கும்போது முதல் அழைப்பிலேயே எழுந்து வரட்டும். கடைசியாக வந்தாலும் குறைவில்லை. தம் தோல்வியைத் தம் வாயாலேயே சொன்ன அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் மக்களல்லவா நாம்!